வெயில் எறித்த நாள்

பாரிஸ், ரூ பஜோல்
2 டிசம்பர் 1984

அன்பின் அக்கா,

நீங்களும் மகள் அற்புதமலரும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். அப்படி நினைக்காவிட்டால் எனக்கு எழுத வராது.

அத்தான் பெர்லினில் சுகம். நேற்று டெலிபோனில் கதைத்தேன். அவர்கள் இருக்கும் அகதி விடுதியில் கீழ்மாடியில் ஒரு போன் இருக்கிறது. எப்போதும் நம்மவர் பத்திநாதர் அண்ணைதான் எடுப்பார். எடுத்துவிட்டு மேலே பார்த்து "யேசுரட்ணம்!" என்று ஒரு கத்துக் கத்துவார். போன் இல்லாவிட்டாலும் நான் இருக்கும் லாச்சப்பலுக்குக் கேட்கும்.

அத்தான் கேட்டது ஒன்றே ஒன்று. "எப்பயடா என்னை உங்கை எடுக்கப்போறாய்? வள்ளத்தை வித்துப்போட்டு வந்தது உந்தப் பெர்லின் சுவரைப் பாத்துக்கொண்டு இருக்கவே?" நேவி கடலை மூடாமல் இருந்தால் அவர் இந்தப் பக்கம் தலைவைத்தும் படுத்திருக்கமாட்டார், எனக்குத் தெரியும். எல்லை கடத்திவிடும் ஆள் ஆயத்தமாக இருக்கிறான். ஜெர்மனிப் பக்கம் காரில் கொண்டுவந்து இறக்குவான், பிறகு காட்டுக்குள் இரண்டு மணிநேர நடை, அப்புறம் பிரான்ஸ். எந்த நாள் என்று மட்டும் நான் இன்னும் சொல்லவில்லை.

நான் ஏன் நாள் சொல்லவேண்டும் என்று கேட்பீர்கள். இங்கே எனக்கு வலன்ரைன் என்ற பெயர் போய் இரண்டு வருடமாகிறது. "மெத்தியோ" என்றுதான் கூப்பிடுகிறார்கள். பிரெஞ்சில் வானிலைச் செய்திக்கு அதுதான் பெயர். எல்லாம் பனியால் வந்தது. முதல் வருடம் ஒபர்வில்லியே கிட்டங்கியில் துணிப்பொதி இறக்கிக்கொண்டிருந்தபோது கொட்டத் தொடங்கியது. பொதியைத் தலையில் வைத்தபடியே நின்றுவிட்டேன். முதலாளி மூன்று தரம் கத்தினானாம், எனக்குக் கேட்கவில்லை. அன்றிலிருந்து அடுத்த பனி எப்போது என்பதே என் யோசனை. விடிய வேலைக்குப் போகுமுன் றேடியோவில் கேட்பேன். பின்னேரம் கீழே ழாக் என்பவரின் கபேயில் தொலைக்காட்சியில் வரைபடம் பார்ப்பேன். சந்தேகம் என்றால் தெருப் பெட்டியிலிருந்து வானிலைக் கந்தோருக்கு எடுப்பேன், பதிவு செய்த ஒரு பெண் குரல் சொல்லும். இந்த நாட்டில் நான் அதிகம் கேட்ட பெண் குரல் அதுதான். ஜன்னலுக்கு வெளியே ஒரு வெப்பமானி அடித்திருக்கிறேன். அதைப் பார்க்க ஜன்னலைத் திறக்கும்போதெல்லாம் அறையில் இருக்கும் ஐந்து பேரும் என்னைத் திட்டுவார்கள்.

என் பிரெஞ்சு முழுவதும் வானத்திலிருந்து வந்தது. பிரெபெக்தூர் என்கிற அரசாங்கக் கந்தோரில் விசாப் பேப்பரைப் பற்றிக் கேட்டால் முழிப்பேன். காற்றைப் பற்றிக் கேட்டிருந்தால் அங்கே இருக்கிற பெண்ணுக்குப் பாடம் எடுத்திருப்பேன்.

பகிடி போதும். போன மாரியில் பதினொரு பேர் நான் சொன்ன நாளில் காடு கடந்தார்கள். ஒருவருக்கும் ஒரு கால்விரல்கூடப் போகவில்லை. பனி கொட்டுகிற நாள்தான் நல்ல நாள் அக்கா. காவல்காரன் வெளியே வரமாட்டான், கால்தடமும் மூடிப்போகும். நல்ல பனி ஒன்று வரட்டும், அத்தானை எடுத்துவிடுகிறேன்.

உங்கள் தம்பி
வலன்ரைன்


பாஷையூர்
17 டிசம்பர் 1984

தம்பி வலன்ரைனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வாசித்துவிட்டு மேசையில் அடித்த அடியில் பிள்ளை எழும்பி அழுதாள்.

பதினொரு பேரைக் கரை சேர்த்தேன் என்று புழுகி எழுதியிருக்கிறாய். பன்னிரண்டாவது ஆள் என் மனிசன். அது உனக்கு நினைவில் இருக்கிறதா? உன் ஆசைக்கு ஏற்றிப்பார்க்க அவர் என்ன பட்டமா?

நாங்கள் யார் பிள்ளைகள்? அப்பு நாற்பது வருடம் கடலில் தொழில் செய்தார். வானம் மூட்டமாக இருந்தால் வள்ளத்தில் கைவைக்கமாட்டார். ஊரே அவரைப் பயந்தவன் என்று நெளித்துச் சிரித்தது. நெளித்தவர்களில் மூன்று பேர் திரும்பி வரவில்லை, அப்பு கட்டிலில் படுத்துச் செத்தார். வானம் வெளித்து, வெயில் எறித்து, காற்று விழுந்தால்தான் வெளிக்கிட வேண்டும். இது பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். நீ மட்டும் பாரிசுக்குப் போய்ப் பெரிய ஆளாகி, மூட்டமும் பனியும் நல்ல நாள் என்று எழுதுகிறாய்.

உனக்கு அந்தப் பனியில் பைத்தியம். சின்ன வயதில் மழை பார்க்கவென்று கடற்கரையில் போய் நின்று காய்ச்சல் வாங்கினவன்தானே நீ. உன்னை நம்பி அவரை விடமுடியாது. அதனால் நேராக அவருக்கே எழுதிவிட்டேன். தம்பி பனி நாள் ஏதும் சொன்னால் தலையாட்டிவிட்டு இருங்கள், போகாதீர்கள். நல்ல வெயில் நாளாகப் பார்த்து, அப்பு தொழிலுக்கு இறங்குகிற நாள் மாதிரி ஒரு நாள் பார்த்து வெளிக்கிடுங்கள் என்று எழுதினேன். பிள்ளையின் தலையில் கைவைத்துச் சத்தியம் கேட்டிருக்கிறேன். இவர் என் சொல்லைத் தட்டினாலும் பிள்ளையின் தலையைத் தட்டமாட்டார்.

இரண்டு கடிதத்தையும் ஒன்றாகத்தான் தபாலில் சேர்க்கிறேன். கோபிக்காதே. நத்தாருக்குப் பூசைக்குப் போ. தலைக்குக் குல்லாய் போடு.

அக்கா
புஸ்பராணி


பாரிஸ்
31 டிசம்பர் 1984

அன்பின் அக்கா,

உங்கள் கடிதம் இன்று வந்தது. பிழை என்னுடையது. பனி நாள் நல்ல நாள் என்று எழுதினேன், ஏன் என்று பாதிதான் எழுதினேன். காவல்காரனும் கால்தடமும் சின்ன விஷயம். முக்கியமானதை விட்டுவிட்டேன். இப்போது எழுதுகிறேன், தயவுசெய்து இரண்டு தரம் வாசியுங்கள்.

அப்பு சொன்னது கடலுக்குச் சரி. நம் கடலுக்குச் சரி. இங்கே அது தலைகீழ். இங்கே மாரியில் மேகம் ஒரு கம்பளி மாதிரி, கீழே இருக்கிற கொஞ்ச நஞ்சச் சூட்டைப் போகவிடாமல் வைத்திருக்கும். பனி கொட்டுகிற நாளில் குளிர் பூச்சியத்தை ஒட்டித்தான் நிற்கும். நடந்தால் வியர்க்கும்கூட. மேகம் கலைந்து வெயில் எறித்தால்தான் பயம். பார்க்க அவ்வளவு வடிவாக இருக்கும். அந்த வெயிலில் ஒரு துளி சூடு கிடையாது. பொழுதுபட்டதும் இருந்த சூடெல்லாம் வானத்துக்குப் போய்விடும், மைனஸ் பதினைந்து, இருபது. போன வருடம் சென் தெனியில் தெருவோர வாங்கு ஒன்றில் படுத்திருந்த ஒரு மனிதர் விடிய எழும்பவில்லை. முதல் நாள் நல்ல வெயில். பதினொரு பேரையும் வெயில் நாளில்தான் மறித்து வைத்திருந்தேன், அதுதான் நான் செய்த ஒரே கெட்டித்தனம்.

எனக்குப் பனியில் பைத்தியம்தான். ஆனால் பைத்தியக்காரனுக்குத்தான் அதைப் பற்றித் தெரியும் அக்கா. உங்கள் மனிசனை வைத்து விளையாட எனக்கு மனம் வருமா? அம்மா செத்தபிறகு எனக்குச் சோறு போட்டவர் அவர்.

இன்று அத்தானோடு கதைத்தேன். உங்கள் கடிதம் அவருக்கு இன்னும் வரவில்லையாம். நத்தாருக்குக்கூட வரவில்லை என்று குழந்தைப் பிள்ளை மாதிரிக் குறைப்பட்டார். வந்தால் அதில் இருக்கிறதைக் கேட்காதீர்கள் என்று சொல்லத்தான் எடுத்தேன். மனிசியின் கடிதத்துக்கு இப்படிக் காத்திருக்கிறவரிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. "நான் சொல்லாமல் அசையக்கூடாது" என்று மட்டும் சொன்னேன். "ஓமடா, ஓம்" என்றார்.

இது கிடைத்த உடனே பெர்லினுக்கு ஒரு தந்தி அடியுங்கள். "சத்தியம் இல்லை, தம்பி சொல் கேளுங்கள்" என்றால் போதும். ரஷ்யப் பக்கமிருந்து பெரிய குளிர் ஒன்று வருவதாக றேடியோ சொல்கிறது.

உங்கள் தம்பி
வலன்ரைன்


பாரிஸ்
16 ஜனவரி 1985
(முடிக்கப்படாதது, தபாலில் சேர்க்கப்படவில்லை)

அக்கா,

இன்று வெப்பமானி மைனஸ் பன்னிரண்டு. வேலைக்குப் போகவில்லை. வானத்தில் மருந்துக்கும் மேகம் இல்லை. புகைபோக்கிகளில் புகை நேரே மேலே போகிறது. லாச்சப்பல் மெட்ரோப் பாலம் வெயிலில் கண் கூசுகிறது. சனம் தலையைத் தூக்கி வெயிலுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு போகிறது. கிழக்கே இதைவிட மோசம், அந்தப் பக்கம் இரவுக்கு மைனஸ் இருபது என்று குரல் சொல்லிற்று.

சும்மா, அத்தான் இருக்கிறார் என்று கேட்டு நிம்மதியாக இருப்போம் என்றுதான் பெர்லினுக்கு எடுத்தேன். பத்திநாதர் அண்ணை கத்தவில்லை.

"அவர் நேற்று விடிய வெளிக்கிட்டிட்டாரடா தம்பி. எங்கடை விடுதிப் பெடியன் இராஜேந்திரனும் கூட. முந்தநாள் மனிசியின்ரை கடிதம் வந்தது. எங்கள் எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டினவர். பிள்ளையின்ரை தலையிலை சத்தியமாம். வலன்ரைனுக்குச் சொல்லாதேங்கோ, மறிப்பான் எண்டவர். இண்டைக்கு மத்தியானம் காட்டுக்கை இறங்குவினம்."

பிறகு அவரே கேட்டார். "வானம் நல்ல வெளிச்சமாத்தானே கிடக்கு, என்னத்துக்குப் பயப்பிடுறாய்?"

இப்போது மணி இரண்டரை. எல்லை கடத்தும் ஆளுக்கு எடுத்தால் மணி அடிக்கிறது, யாரும் தூக்கவில்லை. கார்-தெ-லெஸ்ற் ஸ்ரேசனில் ஐந்து மணிக்கு ஒரு ரயில் இருக்கிறது. போய் எங்கே இறங்குவது, எந்தக் காட்டில் தேடுவது? ஐந்து மணிக்கு இருட்டிவிடும்.

நான் அன்றைக்கு வாய்திறந்து சொல்லியிருக்கலாம். நீங்கள் ஏன் அக்கா எழுதினீர்கள், நான் ஒரு


பாரிஸ்
27 ஜனவரி 1985

அன்பின் அக்கா,

நம் கோயில் சுவாமியாருக்கு அடித்த தந்தி உங்களுக்கு வந்திருக்கும். தந்தியில் எழுதமுடியாததை எழுதவேண்டும் என்று பத்து நாளாகப் பேனையைத் தூக்குகிறேன்.

பதினாறாம் திகதி அத்தானும் கூட வெளிக்கிட்ட நல்லூர்ப் பெடியன் இராஜேந்திரனும் காட்டில் வழி தவறிவிட்டார்கள். கூட்டிவந்தவன் பாதியில் கையைக் காட்டிவிட்டுத் திரும்பிவிட்டான். இராஜேந்திரன் விடிய ஒரு கிராமத்துக்கு வந்து சேர்ந்தான். கால்விரல்களை எடுத்துவிட்டார்கள், உயிருக்குப் பயமில்லை. அவன் சொல்லித்தான் அத்தானைத் தேடிப் போனார்கள். ஒரு மரத்தில் சாய்ந்து இருந்தாராம். எல்லை தாண்டி அரைக் கட்டை தூரம் வந்திருக்கிறார். பிரான்சுக்குள்தான் இருந்தார் அக்கா. வந்து சேர்ந்துவிட்டார், அவருக்கு அது தெரியவில்லை.

நான் போய் அடையாளம் காட்டினேன். முகம் நித்திரை மாதிரித்தான் இருந்தது. நோவு இல்லாத சாவு என்று டாக்டர் சொன்னார், நான் திருப்பித் திருப்பிக் கேட்டேன். ஊருக்கு அனுப்ப வழியில்லை. அந்தக் கிராமத்துக் கோயிலில் பூசை வைத்து அங்கேயே அடக்கம் செய்தோம். லாச்சப்பலிலிருந்து ஒன்பது பேர் வந்தார்கள். நிலம் இறுகிக் கிடந்ததால் குழி வெட்ட இரண்டு நாள் எடுத்தது.

அவருடைய செபமாலையை வைத்திருக்கிறேன். நம்பிக்கையான ஆள் வந்தால் கொடுத்துவிடுகிறேன்.

உங்கள் தம்பி
வலன்ரைன்


பாஷையூர்
12 பெப்ரவரி 1985

வலன்ரைன்,

முகம் நித்திரை மாதிரி இருந்தது என்று எழுதியிருக்கிறாய். உன்னை யார் கேட்டது?

எல்லாம் எழுதினாய், ஒன்றை மட்டும் எழுதவில்லை. அன்று உன் பனி எவ்வளவு கொட்டியது? அளந்து வைத்திருப்பாயே. எத்தனை மணிக்குத் தொடங்கியது, எத்தனை மணிக்கு விட்டது என்று பஞ்சாங்கம் மாதிரிச் சொல்லுகிறவன், மனிசன் செத்த நாளை மட்டும் வானம் இல்லாமல் எழுதுகிறாய். எனக்கு விளங்காது என்று நினைத்தாயா?

என் கடிதம் அவருக்குப் போய்ச் சேரமுன் நீ அவரை அனுப்பிவிட்டாய். பன்னிரண்டாவது ஆளையும் கொண்டுவந்து சேர்த்துவிட்டு, லாச்சப்பலில் நெஞ்சை நிமிர்த்தி நடக்க ஆசை. உன் ஆசைக்குத்தான் என் தாலி போனது. முப்பத்தோராம் நாள் பூசைக்கு ஊர் முழுக்க வந்து என் வீட்டில் குந்தப்போகிறது. எல்லாரும் கேட்பார்கள், எப்படி நடந்தது என்று. என் கூடப்பிறந்தவன் பனி பார்த்து அனுப்பினான் என்று சொல்வேன்.

பிள்ளை கேட்கிறாள், அப்பாவுக்குக் குளிர்ந்திருக்குமா என்று. நீயே அவளுக்கு ஒரு பதில் எழுது.

புஸ்பராணி


பாரிஸ்
28 பெப்ரவரி 1985

அன்பின் அக்கா,

உங்கள் கடிதம் வந்து மூன்று நாள். நான்கு தரம் எழுதிக் கிழித்தேன்.

திட்டுங்கள். திட்டினால் ஆறும் என்றால் இன்னும் திட்டுங்கள்.

பிள்ளைக்குச் சொல்லுங்கள், அப்பாவுக்குக் குளிரவில்லை. கடைசியில் குளிராதாம், உடம்பு சூடாக இருப்பது மாதிரித்தான் இருக்குமாம். இது டாக்டர் சொன்னது, என் கற்பனை இல்லை.

தம்பி
வலன்ரைன்


பாஷையூர்
24 மார்ச் 1985

தம்பி,

போன கிழமை தபால்காரர் ஒரு கட்டுக் கடிதம் கொண்டுவந்தார். ரயில் ஓடாததால் வவுனியாவில் மூட்டையாகக் கிடந்தவையாம். அதற்குள் உன் கடிதம் ஒன்று இருந்தது. வருடக் கடைசி நாள் எழுதியது. மேகம் கம்பளி மாதிரி என்றும், வெயில் நாளில்தான் பயம் என்றும் எழுதியிருந்தாய். தந்தி அடிக்கச் சொல்லியிருந்தாய்.

இரண்டு தரம் வாசிக்கச் சொன்னாய். நான் எண்ணவில்லை.

நேற்று நல்லூரிலிருந்து இராஜேந்திரனின் தாய் வந்திருந்தார். அழுதுவிட்டுப் போகும்போது வாசலில் நின்று சொன்னார். "நல்ல வெயில் எறிச்ச நாளிலைதான் பிள்ளையள் வெளிக்கிட்டதெண்டு மகன் எழுதியிருக்கிறான். அப்பிடியான நாளிலையும் இப்பிடி நடக்குமே பிள்ளை?" அவர் போனபிறகு நான் வாசலிலேயே இருந்துவிட்டேன். சமைக்கவில்லை.

தம்பி, என்னிடம் சுற்றிவளைக்காதே. ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். அன்று அந்தக் காட்டில் வானம் எப்படி இருந்தது?

வெயில் என்றால், என் கடிதம் அவர் கைக்குப் போயிருக்கிறது. பிள்ளையின் தலையில் சத்தியம் கேட்டு நானே அவரைக் கொண்டுபோய் அந்த மரத்தடியில் இருத்தியிருக்கிறேன். அப்படியென்றால் எனக்குத் தெரியவேண்டும். தெரிந்தபிறகு என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியாது. பிள்ளையின் தலையை வாரிவிடவும் இப்போது கை வருகுதில்லை.

பனி என்றால், நீ அனுப்பியிருக்கிறாய். அப்படியென்றால் எனக்குக் கூடப்பிறந்தவன் இல்லை. அந்தக் கடிதத்தின் கீழே தம்பி என்று போடாதே. அதற்குப்பிறகு எழுதவும் வேண்டாம், நான் பிரிக்கமாட்டேன்.

நீ எத்தனையோ பொய் சொல்லுவாய். வானத்தைப் பற்றிப் பொய் சொன்னதில்லை. அதனால்தான் உன்னைக் கேட்கிறேன்.

அக்கா


பாரிஸ்
9 ஏப்ரல் 1985

அக்கா,

கேட்டதற்கு நேரே பதில் எழுதுகிறேன்.

இராஜேந்திரன் எழுதியது பொய்யில்லை. விடியவும் முற்பகலும் வெயில்தான். அவர்கள் காரில் வரும்போது அதைத்தான் பார்த்திருப்பார்கள். பிறகு அவனுக்குக் காய்ச்சல் வந்து எல்லாம் குழம்பிவிட்டது, ஆஸ்பத்திரியில் என்னையே யார் என்று கேட்டான்.

பதினான்காம் திகதி நான்தான் பெர்லினுக்கு எடுத்து அத்தானிடம் சொன்னேன். நாளை வெளிக்கிடுங்கள், நாளை மறுநாள் மத்தியானத்துக்குப் பிறகு மேகம் வரும், அதற்குள் நுழைந்துவிடுங்கள் என்றேன். அவர் தயங்கினார். "மனிசியின்ரை கடிதம் வரட்டுமடா, பிறகு பாப்பம்" என்றார். நான் விடவில்லை. உங்கள் கடிதம் பதினேழாம் திகதிதான் பெர்லினுக்கு வந்தது. ஒட்டியது ஒட்டியபடி பத்திநாதர் அண்ணை வைத்திருந்தார். செத்தவருக்கு வந்த கடிதத்தை யாரும் பிரிக்கக்கூடாது என்று நான்தான் எரிக்கச் சொன்னேன். சத்தியம் என்று நீங்கள் எழுதிய சொல் ஒருவர் கண்ணிலும் படவில்லை. பிள்ளைக்குத் தலை வாரிவிடுங்கள்.

இரண்டு மணிக்கு வடமேற்கிலிருந்து மேகம் வந்தது. முதலில் விழுந்தது குறுணிப் பனி. உடுப்பில் பட்டுத் துள்ளி விழும், ஒட்டாது. மூன்று மணிக்குக் காற்று நின்றது. காற்று நின்றபிறகு விழுகிற பனிதான் பெரிய பனி, ஒவ்வொன்றும் கோழி இறகு அளவு. சத்தமே இருக்காது. மரக்கிளைகள் ஒரு பக்கம் மட்டும் வெள்ளையாகும், பிறகு இரண்டு பக்கமும். காலடி வைத்த இடம் திரும்பிப் பார்க்கமுன் மூடிவிடும். அப்படி ஒரு பனிக்காகத்தான் நான் மூன்று மாரி காத்திருந்தேன். இரண்டு மணிநேரம் கொட்டிவிட்டு விடும் என்று கணித்தேன். விடியும்வரை விடவில்லை. வழியில் கட்டியிருந்த அடையாளத் துணிகள் எல்லாம் மூடிப்போயின. அதில்தான் தவறினார்கள்.

டிசம்பரில் நான் எழுதியதை எடுத்து அடுப்பில் போடுங்கள். அது றேடியோ கேட்ட திமிரில் எழுதியது. அப்பு சொன்னதுதான் எங்கேயும் சரி. நீங்கள் சொன்னபடி வெளித்த நாளில் வந்திருந்தால் அத்தான் இன்று இந்த அறையில் ஏழாவது ஆளாக இருந்து ஜன்னலைச் சாத்தடா என்று என்னைத் திட்டிக்கொண்டிருப்பார்.

செபமாலையை மன்னார் ஆள் ஒருவரிடம் கொடுத்துவிட்டேன். வைகாசிக்குள் கிடைக்கும்.

நீங்கள் கேட்டது வானத்தைத்தான். அன்று மத்தியானத்திலிருந்து பனிதான் கொட்டியது.

வலன்ரைன்